எழுத்தைச் சுருக்கியவன்

"எவனோ ஒருத்தன் இதே ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு என் காதுல பூ சுத்துறான். யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு கச்சேரி!"

முதலாளி போட்ட சத்தத்தில் கீபோர்டுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

சுவரில் இருந்த பெரிய திரையில், ஆஸ்பத்திரிக்காகச் செய்துகொண்டிருந்த புரோகிராம் ஓடியது. நோயாளி பெயர், டோக்கன் எண், எந்த அறை... எல்லாம் எறும்பு சைஸில்.

"கண் ஆஸ்பத்திரிம்மா அது! கண்ணு தெரியாமதான் அங்க வர்றாங்க. எழுத்தைப் பெரிசாக்குன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து நின்றாள். "பண்ணிட்டேன் சார். தினமும்தான் பண்றேன். மத்தியானத்துக்கு மேல காணாமப் போயிடுது."

"காணாமப் போக அது என்ன குடையா? உனக்கு முன்னாடி இருந்த தம்பியும் இதே பாட்டைத்தான் பாடினான். கடைசியில வாய்க்கு வந்ததைப் பேசினான். அனுப்பிட்டேன் வீட்டுக்கு."

நடைபாதையில் பழைய போன் விற்று, பேரம் பேசிப் பேசியே இந்த ஆபீஸ் வரைக்கும் ஏறி வந்தவர். தன்னை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

"சாயங்காலம் டாக்டரம்மா பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள எழுத்து பெரிசாத் தெரியலைன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார், உங்க கண் முன்னாடியே ஏத்திக் காட்டறேன். கூடவே நீங்களும் கத்துக்கலாம்."

"எனக்கே பாடமா? புரோகிராமைச் சேர்த்து வைக்கற இந்த 'கிட்' சாஃப்ட்வேர் எல்லாம் நமக்கு அத்துப்படி. சரி, சொல்லு, பார்ப்போம்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே புரோகிராம்ல பல பேர் கை வைப்பாங்க சார். ஆளுக்கொரு நகல் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். பொது நகல் ஒண்ணு சர்வர்ல இருக்கும். சுவத்துல தெரியறது அந்தப் பொது நகல்தான். வேலையை ஆரம்பிக்கறப்ப முதல்ல புல். மத்தவங்க என்ன மாத்தியிருக்காங்களோ அதை நம்ம பக்கம் இழுத்துக்கணும்."

"மத்தவன் பண்ணதை நான் எதுக்கு இழுக்கணும்? மேல சொல்லு."

"நாம மாத்தினதுல எது எது போகணுமோ அதை எடுத்து வைக்கறது ஆட். என்ன பண்ணோம்னு ஒரு வரி எழுதி முடிச்சுப் போடறது கமிட். கடைசியா புஷ். பொது நகலுக்கு ஏத்தறது."

"ஊருக்குக் கிளம்பற மாதிரின்னு சொல்லு! துணியை எடுத்து வை, பெட்டியை மூடு, வண்டியில ஏத்து."

"ஆமா சார். ஆனா ஏத்தறதுக்கு முன்னாடி, வண்டியில ஏற்கெனவே யார் பெட்டி இருக்குன்னு பார்த்துக்கணும். அதுதான் புல்."

"அந்த விசாரணை எல்லாம் நமக்கு எதுக்கு!"

அவள் புஷ் கொடுத்தாள். சுவரில் எழுத்துகள் பலூன் மாதிரி ஊதிப் பெருத்தன.

"அடடே! இதை முன்னாடியே பண்ணித் தொலைக்கறதுக்கு என்ன?" முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "சரி, என் பங்கையும் போட்டுடறேன். தினமும் மத்தியானம் சாப்பிட்ட கையோட வரவேற்பு வரிக்கு ஒரு கலர் மாத்தறது நான்தான், தெரியுமில்ல? ஒரு நாளாவது என் வேலை காணாமப் போயிருக்கா? கேட்டுப் பாரு!"

தன் மேஜைக்குப் போனார். ஆட். கமிட். புஷ்.

ஏற்க முடியாது, முதலில் புல் செய்துவிட்டு வா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் சொன்னது.

"பாத்தியா, தினமும் இதே பிகுதான். வேணாம் வேணாம்னு சொல்றவன்தான் வாங்கப்போறவன். முதல் வாட்டியே அவன் தலையாட்டிட்டா அப்புறம் வியாபாரம் எங்க இருக்கு? இதுக்கு ஒரு மந்திரம் இருக்கு. நானே தேடிக் கண்டுபிடிச்சது."

"சார், அதை மட்டும்..." என்று அவள் எழுவதற்குள், புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ் என்று சேர்த்து ஓங்கித் தட்டினார்.

"அவ்வளவுதான். பேசாம வாங்கிக்கிச்சு!"

சுவரில் வரவேற்பு வரி பளிச்சென்று ஆரஞ்சுக்கு மாறியது.

அதற்குக் கீழே எழுத்துகள் எல்லாம் மறுபடி எறும்பாகிவிட்டன.

"எவன்டா அது?" முதலாளி துள்ளி எழுந்தார். "என் கண் முன்னாடியேவா? இப்ப யார்டா கீபோர்டைத் தட்டினது?"

யாரும் தட்டவில்லை. எல்லார் கையும் மடியில் இருந்தது. அவர் கை மட்டும்தான் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தது.

அந்தக் கையை அவரே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா..." குரல் தரைக்கு இறங்கிவிட்டது. "மத்தவங்க பெட்டியைக் கீழே தள்ளிட்டு என் பழைய பெட்டியை ஏத்தறதுதான் இந்த ஃபோர்ஸா? இது உனக்குத் தெரியுமா?"

"சேர்ந்த அன்னிக்கே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொல்லலை? வேலையே போயிருக்குமே!"

"சொன்னவரோட நாற்காலியிலதான் சார் நான் உட்கார்ந்திருக்கேன்."



"டாக்டரம்மா வந்துடுவாங்க, நீ முதல்ல எழுத்தைத் திரும்ப ஏத்தும்மா" என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமலே. "யாராவது இன்னொரு நாற்காலியைத் துடைச்சுப் போடுங்கப்பா."

பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, நான்தான் பேசறேன். வைச்சுடாதப்பா. உன் வேலையை எல்லாம் அழிச்சவன் இன்னிக்குக் கையும் களவுமா மாட்டிக்கிட்டான். ஆமா, நீ அன்னிக்குச் சொன்ன அதே ஆள்தான். நாளைக்குக் காலையில வந்து உட்காரு. அந்த ஆள் எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்பு கேட்டாகணும். உன் பக்கத்துல உட்கார்ந்து, புல்லுலேர்ந்து ஒழுங்காக் கத்துக்கணும். மாட்டேன்னு முரண்டு பிடிச்சான்னா, அந்தப் பயலுக்கு என் ஆபீஸ்ல இடமே கிடையாது!"