வாசல் பாட்டு

"மனுஷகுலத்தோட மகத்தான கண்டுபிடிப்பு எதுன்னு நினைக்கிறே? நெருப்பு இல்ல. சக்கரம் இல்ல. காலிங் பெல்!"

சுற்றுலா வேனை ஓட்டிக்கொண்டே லோபாக்கா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளி சிரிப்பு இல்லை. ஹவாய்த் தீவின் ஹிலோ நகரத்திலிருந்து வடக்கே போகிற கடற்கரைச் சாலையில் வழக்கம்போல மழை.

பக்கத்து இருக்கையில் ஜோலீன், மடியில் உகுலேலே என்கிற குட்டிக் கிட்டாரும் கையில் பாட்டு எழுதிய ஒரு காகிதமுமாக உட்கார்ந்திருந்தாள். நெப்ராஸ்கா பெண். மறுநாள் காலை அவளுக்கு விமானம். அதற்குள் ஹவாய்ப் பாட்டை ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகப் பாடுகிறபோது, ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். ஹோட்டல் மேடையில் கேட்டது போதும் போதும் என்றாகிவிட்டது.

ஹௌனானி டீச்சரின் நடன வகுப்புக்கு வியாழக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் வாசலில் நின்று, அனுமதி கேட்கும் பாட்டைப் பாட வேண்டும். உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்தால்தான் படியேறலாம். வராவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"கதவைத் தட்டக் கூடாதா, அங்கிள்?"

"தட்டலாம். தட்டினா நாய் வரும். அந்தம்மா வர மாட்டாங்க."

"கட்டாயம் பாடித்தான் ஆகணுமா?"

"பேரன் பேத்தி எடுத்தவங்கெல்லாம் மழையில நனைஞ்சுக்கிட்டு, 'மலையேறி வந்தேன், காத்து தள்ளுது, உள்ளே கூப்பிடு'ன்னு கதவைப் பார்த்துப் பாடுறாங்க. கதவுக்குக் காது இருக்கா? என் கழுத்தை அறுத்தாலும் நான் பாட மாட்டேன்."

"அப்ப எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?"

"பல் டாக்டர் என்ன தன் பல்லையா பிடுங்கிப் பார்த்துக்கறாரு? ம், ஆரம்பி."

அவள் முதல் வரியைப் பாடினாள். லோபாக்கா பிரேக் போட்டார்.

"எங்க பாஷையில எந்த வார்த்தையும் வாயை மூடிக்கிட்டு முடியாது. கடைசி எழுத்தைத் திறந்து விடணும். நீ என்னடான்னா சோடா பாட்டிலுக்கு மூடி போடற மாதிரி போடறே. அப்புறம், ஒரு வரிக்கு ஒரு மூச்சுதான். நடுவுல மூச்சு விட்டா, பாதி வழியில திரும்பிப் போறேன்னு அர்த்தம்."

"யார் சொன்னது?"

"அந்தம்மாதான். பாட்டைக் கட்டினதும் அவங்கதானே!"

பத்துத் தடவை பாட வைத்தார். வழியில் இரண்டு நடனப் பள்ளிகள் வந்தன, போயின. இரண்டுக்கும் சாதாரணக் கதவுகள்தான். "இங்கெல்லாம் நிறுத்த மாட்டீங்களா?" என்று ஜோலீன் கேட்டதற்கு, "பார்க்கிங் சரியில்ல" என்றார்.

மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையைத் தாண்டியபோது வேன் தானாகவே மெதுவானது போலிருந்தது.

"நீங்க முதல்ல எப்ப இதைக் கேட்டீங்க, அங்கிள்?"

லோபாக்கா கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது.

"எனக்கு இருபத்திரண்டு வயசு. ஆலையில ஷிப்ட் முடிச்சு வந்து, பொரிச்ச மீனும் சோறும் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். வெளியில சீமைப்பலா மரத்தடியில, எங்கம்மாகிட்ட ஆட்டம் கத்துக்க வந்த ஒரு பொண்ணு நின்னு பாடுது. வேற பாட்டு, பழசு. எங்கம்மா வேணும்னே பதில் பாடாம நிக்க வெச்சாங்க. என்ன மழை தெரியுமா! அந்தப் பொண்ணு நகரலையே. தலை சொட்டுது, துணி சொட்டுது. குரல் மட்டும் நனையல."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? மீன் ஆறிப்போச்சு."

டீச்சரின் வீடு வந்துவிட்டது. முன்கூடத்தில்தான் வகுப்பு, கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுரைக்குடுக்கையைத் தட்டும் தாளம் கேட்டது. ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து, லோபாக்காவின் கதவில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டியது.

"உங்களைத் தெரியுமா இதுக்கு?"

"நாய்களுக்கு என்னைப் பிடிக்கும். போ, போ. மூணாவது படி வழுக்கும், பார்த்து."

ஜோலீன் மழையில் போய் நின்றாள். பாடினாள். மூன்றாவது வரியில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. உள்ளே தாளம் நின்றது. பதில் இல்லை. அவள் திரும்பி வேனைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

லோபாக்கா கண்ணாடியை இறக்கி, "முதல்லேர்ந்து!" என்று கத்தினார்.

மறுபடி பாடினாள். இந்த முறை ஒரு வார்த்தை இடம் மாறியது, சுருதி எங்கேயோ போனது, ஆனால் முடித்துவிட்டாள். ஒரு கணம் மழை மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து கனத்த, நிதானமான ஒரு பெண்குரல் பதில் பாடியது.

கதவு திறந்தது. நரைத்த கொண்டையில் செம்பருத்தி செருகிய ஹௌனானி டீச்சர், ஜோலீனின் நெற்றியோடு நெற்றி வைத்து வரவேற்றார்.

"தப்பாத்தான் பாடினேன், டீச்சர்!"

"உள்ளே வரலாமான்னு கேட்டே இல்ல? அது போதும்." டீச்சர் அவள் தோளுக்கு மேலாக வேனைப் பார்த்தார். "டிரைவர் வரலையா?"

"அவருக்கு இதெல்லாம் கேலிதான். கழுத்தை அறுத்தாலும் பாட மாட்டாராம்."

"தெரியும்" என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

லோபாக்கா ரேடியோவைப் போட்டார். அணைத்தார். நாயின் காதைச் சொறிந்தார். அப்புறம் இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்து, தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் மழையில் நின்று, ஒரு வரிக்கு ஒரு மூச்சாக, முதலிலிருந்து பாட ஆரம்பித்தார்.

இந்தப் பாட்டை ஹோட்டல் மேடையில் நக்கலடித்து அவர் கைதட்டல் வாங்கிய அன்று, "இனிமே முறையாக் கேட்டுட்டு உள்ளே வா" என்று அவர் பெண்டாட்டி ஹௌனானி சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுப் பட்டா என்னவோ லோபாக்கா பேரில்தான் இருக்கிறது.