ரேம் சொருகிய கூலி

"எவ்ளோம்மா ஆச்சு?" என்று கனகவல்லி கேட்டதும் ஜோவிதாவின் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் அவள் விலை சொல்லக் கூச்சப்படுகிறவள் இல்லை.

வாரநாட்களில் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. சனி, ஞாயிறு என்றால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர். ஆரம்பத்தில் எல்லாரையும் போல "பாத்துக் குடுங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜனங்களும் நன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் காபி. முடிச்சூரில் ஒரு வீட்டில் கை நிறைய முருங்கைக்காய்.

ஒரு நாள் ரோஷம் வந்து விலையை முடிவு பண்ணிவிட்டாள். வந்து பார்க்க இருநூறு. சின்ன வேலை என்றால் மேற்கொண்டு நூறு. விண்டோஸ் போட ஐந்நூறு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிடுவாள். பேரம் பேசியே பேர் வாங்கிய ஒரு ரிட்டயர்டு தாசில்தாரிடம்கூட ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வீட்டில்தான் வாய் வரவில்லை.

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருக்களில் கனகவல்லியிடம் புடவை வாங்காத பெண்கள் குறைவு. கடை என்று தனியாக எதுவும் கிடையாது. ஹாலில் இரண்டு பீரோ, கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர், ஓயாமல் அடிக்கும் ஒரு போன், அவ்வளவுதான். மனிதர்களை எடை போடுவதில் கெட்டிக்காரி என்று பேர். அவள் வாயால் 'நல்ல பொண்ணு' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். ஜோவிதாவுக்கு இன்று அதுதான் குறி. காலையில் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்பினாள். ஒரு ரிப்பேருக்காக அவள் ஜெபம் பண்ணியது இதுவே முதல் தடவை.

கோளாறும் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் கீ கீ என்று கத்தியது. திரை இருட்டாகவே கிடந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ரேம் துண்டு கழன்று சாய்ந்திருந்தது. அதை எடுத்து, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினால் வேலை முடிந்தது.

அந்த வேலையை ஜோவிதா ஜவ்வாக இழுத்தாள். விசிறியில் படிந்திருந்த தூசியைத் தட்டினாள். யாரும் கேட்காமலே வயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டினாள்.

அதற்குள் கனகவல்லி காபி கொடுத்து, சொந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்த சர்ச் என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழமை அதுவுமா எம்புள்ள ஆபீஸுக்கு ஓடிட்டான்மா. யார்கிட்டயோ உன் நம்பரை வாங்கிக் குடுத்துட்டுப் போனான்" என்று குறைபட்டுக்கொண்டாள்.

ஜோவிதா குனிந்து ஸ்க்ரூவை முடுக்கினாள்.

இப்போது விலை.

முந்நூறு என்றால் காசுப் பிசாசு என்று நினைத்துவிடுவாளோ. ஒன்றும் வேண்டாம் என்றால் இவளுக்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்று சந்தேகம் வருமே. உண்மையைச் சொன்னால், இந்தப் பணத்தைக் கையால் தொடவே அவளுக்கு மனசு கூசியது. "பரவால்ல ஆன்ட்டி, வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

கனகவல்லியின் போன் அடித்தது. யாரோ புடவைக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

"ஒரே விலைதான் புஷ்பலதா. கேட்ட உடனே நான் குறைச்சுட்டா, அந்தப் புடவையை நீயே நம்ப மாட்டே" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஜோவிதாவுக்குப் பளிச்சென்று புத்தியில் உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முந்நூறு ரூபா ஆன்ட்டி."

"ஒரு சொருகு சொருகினதுக்கா? எரநூறு வெச்சுக்கோ."

"ஒரே விலைதான் ஆன்ட்டி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. கனகவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாசலைக் காட்டப் போகிறாள் என்றே ஜோவிதா நினைத்தாள்.

கனகவல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து, முந்நூறு ரூபாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "பொழைச்சுக்குவேடி நீ" என்றாள்.

'டி' என்ற அந்த ஒற்றை எழுத்தில் ஜோவிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை மாட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் படி இறங்கினாள்.

ஏரிக்கரை டீக்கடையில், பைக்கில் சாய்ந்தபடி, ஆறிப்போன டீயோடு ஒருவன் நின்றிருந்தான். ஆபீஸுக்கு ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட வினோத்குமார். கனகவல்லியின் ஒரே பிள்ளை.

ஜோவிதா பணத்தை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"காலைல ரேமைக் கழட்டி வெச்சவன் நீ. கூலியும் நீயே வெச்சுக்கோ."

காலேஜ் முடிந்ததிலிருந்து வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அம்மா இவளை ஒரு தடவை நேரில் பார்க்கட்டும், மற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் போட்ட திட்டம்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று அவன் கேட்பதற்குள் அவன் போன் அடித்தது. அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், கம்ப்யூட்டர் ஓடுதுடா. அந்தப் பொண்ணு வந்து சரி பண்ணிட்டுப் போச்சு. சர்ச்சுக்குப் போற பொண்ணு, போனா போகட்டும். நம்பர் குடுத்தாங்களே, அவங்ககிட்ட நைஸா கேளு, அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு."

"கேக்கறேம்மா" என்றான் வினோத்குமார், ஜோவிதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.