ஐந்து பேர் படுக்கும் கூடாரம்

மதியம்தான் வருவேன் என்றிருந்த ஆய்வாளர் காலையிலேயே வந்துவிட்டார். ஸ்கூட்டி சத்தம் கேட்டபோது நீலாவின் குடும்பம் கூடாரத்துக்குள் இருந்தது.

திருவொற்றியூர் தையல் கம்பெனியின் பின்புற மைதானத்தில் நிறுத்திய மாதிரிக் கூடாரம் அது. போருக்குத் தப்பி லெபனானில் தங்கியிருக்கும் சிரியாக் குடும்பங்களுக்காக ஓர் உதவி அமைப்பு கூடாரங்கள் கேட்டிருந்தது. மாதிரி தேறினால் ஷெட்டில் மடித்து வைத்திருக்கும் மற்றவையும் கப்பலேறும். தேறாவிட்டால் கம்பெனிக்கு ஆர்டர் இல்லை. அதைத் தைத்த நீலாவுக்கு வேலை இல்லை.

ஆய்வு முடியும்வரை மாதிரியில் யாரும் புழங்கக்கூடாது என்பது நிபந்தனை.

நீலா மூன்று நாட்களாக அதில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

சடையங்குப்பத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது அவளுக்கு நினைவுக்கு வந்த ஒரே காய்ந்த இடம் இதுதான்.

மேற்பார்வையாளர் லட்சுமணன் அன்று காலைதான் கண்டுபிடித்தான். கத்துவதற்காக வாயைத் திறந்தான். அப்போதுதான் ஸ்கூட்டி வந்து நின்றது.

ஆய்வாளர் ஜானட் மழைக்கோட்டைக் கழற்றாமலே நேராக வந்து, வாசல் ஜிப்பைத் திறந்து, தலையை உள்ளே நீட்டினார்.

உள்ளே நீலா. அவள் கணவன் வல்லரசு. அவன் தம்பி பாரி. பள்ளிச் சீருடையில் மகள் சங்கமித்ரா. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

செயல்விளக்கம் என்றான் லட்சுமணன். ஒரு குடும்பம் உள்ளே எப்படி இருக்கும் என்று மேடத்துக்குக் காட்டுவதற்காக, இன்று காலையில்தான் ஆட்களை உட்கார வைத்ததாகச் சொன்னான். இவர்கள் இப்போது சிரியாக்காரர்கள்.

வல்லரசு அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பாரி ரசத்தை மூடினான்.

ஜானட் சிரிக்கவில்லை. நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார். பிறகு, இது ஐந்து பேர் படுக்கும் கூடாரம், இங்கே நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் புத்தகத் தமிழில் சொன்னார்.

லட்சுமணன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒரு நாய் நின்றிருந்தது.

"நீயே வந்து படு நைனா," என்றாள் நீலா. "மாமனாருக்கு எடம் கீது."

தையல்காரி வாயிலிருந்து நைனா என்று கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை. மற்றவர்களும் வரிசையாகப் படுக்க, ஷூவைக் கழற்றிவிட்டு வல்லரசுக்கும் பாரிக்கும் நடுவில் மல்லாந்து படுத்தான். நாற்பது வயதில் மாமனாராவது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

படுத்த இடத்திலிருந்து கூரை தெரிந்தது. அதில் வட்டமாக ஓர் ஓட்டை. லெபனானில் பனி பெய்யும்போது கணப்பு அடுப்பின் புகைக்குழாய் அதன் வழியாக வெளியே போகவேண்டும். பாரி அதன் வழியாகக் கம்பெனி கரண்ட்டை உள்ளே இழுத்திருந்தான்.

ஜானட் ஒயரைப் பார்த்தார். ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்குமா என்று கேட்டார்.

இப்படி வளைத்து வளைத்துக் கேட்கும் ஆய்வாளரை லட்சுமணன் பார்த்ததில்லை. பகலில் புழுங்குமா என்றார். இட்லிப் பானைதான், ஆனால் சாயங்காலம் கடல்காற்று வந்துவிடும் என்றாள் நீலா. கொசு? ஜிப்பை இழுத்துவிட்டால் இல்லை. கக்கூஸ்? கம்பெனியில் இருக்கிறது. வாட்ச்மேன்? நல்ல மனுஷன்.

லட்சுமணன் படுத்தபடியே நீலாவின் காலை இடித்தான். சிரியாக்காரர்களுக்கு ஏது வாட்ச்மேன்?

கடைசியாக, ஓரத்துத் தையலை விரலால் தடவிக்கொண்டே ஜானட் கேட்டார், நேற்று ராத்திரி மழையில் ஒழுகியதா என்று.

காலையில்தான் உட்கார வைத்த ஆட்களுக்கு ராத்திரி மழை தெரிந்திருக்க நியாயமில்லை. லட்சுமணன் நீலாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

ஆனால் கேட்டது அவளுடைய தையலைப் பற்றி.

"ஒரு சொட்டு எறங்கல மேடம். வுடிய வுடிய ஊத்திச்சு. கொயந்த பொரளாம தூங்கிச்சு."

லட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டான். ஆர்டர் போயிற்று. நீலாவின் வேலை போயிற்று. மாமனார் வேலையும் போயிற்று.

கண்ணைத் திறந்தபோது ஜானட் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சங்கமித்ராவைச் சற்றுத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் தானும் படுத்தார். காலை நீட்டிப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். ஒருக்களித்துப் பார்த்தார். ஐந்து பேர் கூடாரத்தில் ஆறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

பிறகு எழுந்து வெளியே போய், ஸ்கூட்டி சீட்டின் மேல் தாளை வைத்து, தேறியது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லட்சுமணன் வெறுங்காலோடு வண்டிவரை வழியனுப்பப் போனான். ஜானட் வண்டியைக் கிளப்பவில்லை. வாட்ச்மேன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னோரு டென்ட்டு கீதாண்ணா?"

புத்தகத் தமிழ் எங்கேயோ போயிருந்தது. லட்சுமணன் விழித்தான். மணலி புதுநகரில், அவர் வீட்டில் தண்ணீர் புகுந்து, முந்தாநாளிலிருந்து கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைக்கிறார்களாம்.

அவன் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு மாதிரியும் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான் என்றான்.

ஜானட் தலையாட்டினார். வண்டியைக் கிளப்பியவர் மறுபடி அணைத்தார்.

"உள்ள நடுவுல கட்ற மாரி தடுப்புத் துணி எதனா வருமாண்ணா? மாமியாரும் கூட கீறாங்கோ."