விரதக் கெட்டில்

அடுத்த மாதம் எங்கள் தீவு நாட்டுக்குச் சுதந்திரம். இந்த மாதம் என் கணவர் நடேசனுக்குக் காவடி. விரதம் முடியும்வரை என் சமையலறையில் கவிச்சி தங்காது. தினமும் எவர்சில்வர் கெட்டிலை எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறேன். எங்கள் ஊர் கியூர்பிப்பின் மழை இருட்டிலும் அது கண்ணாடிபோல் மின்னும். அதைப் பார்த்துத்தான் அவர் தலை வாருவார்.

இன்று குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வைரம், இதுல நான் தெரியலையே?"

"தேய்ச்சது நான். கவிச்சி பட்டது எதுவும் அதுல ஒட்டாது. நேத்து எங்க சாப்பிட்டீங்க?"

"கூட வேலை செய்யுற ஜில்பெர் வீட்டுல... ஒரே ஒரு துண்டு கோழி. பார்தோன், மன்னிச்சிடு வைரம்."

நானும் குனிந்தேன். என் முகம் தெரிந்தது. பின்னால் ஜன்னலும் மழையும் தெரிந்தன. என் தோளருகே அவர் பிடித்திருந்த சீப்பு மட்டும் அந்தரத்தில் மிதந்தது.