சராசரி அரைக் கிலோ

"வருசத்தில ஆறு கிலோதான் குறைஞ்சது, டொக்டர். சராசரி மாதத்துக்கு அரைக் கிலோ. இவ கவலைப்பட்ட நேரமெல்லாம் நான்தான் ஒண்டுமில்லை எண்டு மறிச்சனான்," என்றார் குலசிங்கம்.

இளம் டொக்டர் அவருடைய மனைவி சந்திரவதனாவின் எடையைத் தாளில் வரைபடமாகக் கீறினாள். கோடு ஒன்பது மாதம் மட்டமாகப் போய், பிறகு சரேலென்று இறங்கியது.

"அங்கிள், சராசரி தொடக்கத்தையும் முடிவையும் மட்டும்தான் பார்க்கும். இந்தச் சரிவைப் பாருங்கோ. ஆறு கிலோவும் கடைசி மூண்டு மாதத்தில போயிருக்கு. இறங்கத் தொடங்கின முதல் மாதமே வந்திருந்தால் கட்டியை ஒப்பரேஷன் செய்து எடுத்திருக்கலாம்."

குலசிங்கம் ஒன்றும் தெரியாதவர் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் சந்திரவதனா கேட்டாள்: "இருவத்தெட்டு வருசமா ஸ்காபரோவில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இந்தச் சராசரி, சரிவுக் கணக்கைத்தானே படிப்பிக்கிறியள்? அந்த டொக்டர் பிள்ளைக்கு அதை ஏன் சொல்லேல்லை?"

அவர் திறப்பைப் போட்டு அவளுக்காகக் கார்க் கதவைத் திறந்தார்.

"எனக்குத் தெரியாமல் இல்லை, வதனா. சரிவைப் பார்க்கிற பயத்திலதான் சராசரியைப் பார்த்தனான்."