ஈஸ்ட் கொடுத்தவர்

அந்த ஆள் செய்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்று: காகித ஆலை வேலைநிறுத்தத்தில், கனடாவின் தண்டர் பே ஊர்க் குளிரில் நாங்கள் வாசலை மறித்து நின்றபோது, பின்வாசல் வழியாக வேலைக்குப் போனான். கருங்காலி.

இரண்டு: அந்தக் குளிரில் நிமோனியா வந்து செத்த எங்கள் சங்கத் தோழன் ஸ்டான் கோவலின் அடக்கத்துக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றான்.

மூன்று: ஸ்டான் தொடங்கிய பீர் காய்ச்சும் கிளப்பில் சேர்ந்தான்.

நான்கு: ஸ்டான் பெயரில் வைத்த கோப்பையை மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்துத் தன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறான்.

அவன் பெயரை உச்சரிப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான்.

கிளப் போட்டி எளிது. ஸ்டானுக்குப் பிடித்த பெல்ஜியத்து பீர் ஒன்று உண்டு. பொன்னிறம், பார்க்கச் சாது, குடித்தால் காலை வாரும். அதை வீட்டில் அச்சு அசலாகக் காய்ச்ச வேண்டும். யாருடையது என்று தெரியாமல் நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். அசலுக்கு எது நெருக்கமோ அதற்குக் கோப்பை.

அந்த பீருக்கு உயிரே அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்தான்; ஒருவர் வளர்த்ததை இன்னொருவர் வாங்கிக் காய்ச்சுவோம். அதனால் ஸ்டான் வைத்துப்போன வழக்கம் ஒன்று உண்டு. ஜெயித்தவன் கோப்பையைத் தொடுமுன், தனக்கு ஈஸ்ட் கொடுத்தவர் பெயரைச் சபையில் உரக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு எல்லாரும் குடிப்போம்.

போன வருடம் அவசரப்பட்டுச் சூடேற்றியதில் என் பீரில் நெயில் பாலிஷ் வாடை. “இது குடிக்கவா, நகத்துக்குப் பூசவா?” என்றார் ஒரு நடுவர். கூடமே சிரித்தது. அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை.

அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வருடம் கோப்பையை மீட்டே தீருவது என்று இறங்கினேன். அசல் பாட்டிலின் அடியில் தங்கும் ஈஸ்டை வளர்த்துப் பார்த்தேன். கடல் தாண்டி வந்ததில் செத்துக் கிடந்தது. கடை ஈஸ்டில் காய்ச்சினால் வாழைப்பழ வாடை.

அப்போதுதான் என் மறியல் தோழன் நெல்லோ ஒரு ஜாடியோடு வந்தான். அடியில் வெள்ளைச் சேறு போல ஈஸ்ட்.

“எங்கடா பிடிச்சே?”

“திருடலை, போ. சர்க்கரையைக் கடைசியில போடு. நிதானமா சூடேத்து.”

“எனக்கே பாடமா?”

“ஆமா, நெயில் பாலிஷ் கம்பெனி முதலாளிக்குப் பாடம் எடுக்க நான் யாரு?”

பீர் புளிக்கும் கலனைப் போர்வையால் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

போட்டியன்று ஒரு நடுவர் என் பீரையே அசல் என்று சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு இரண்டாமிடம்.

மேடையில் கோப்பை. நான் எழுந்தேன். நெல்லோ சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“டாரில், என் பேரைச் சொல்லாதே. அது என் ஈஸ்ட் இல்லை.”

“பின்னே?”

நெல்லோ கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே அந்த ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“ஸ்டானோட கோப்பை தன் வீட்ல இருக்கக் கூடாதுன்னு அவருக்கே தெரியுது. சும்மா கொண்டுவந்து குடுத்தா நீ வாங்குவியா?”

“மூஞ்சிலேயே எறிவேன்.”

“அதான்.”

“அப்போ போட்டிக்கு வராம இருந்திருக்கலாமே?”

“வராம இருந்தா, ஆளில்லாத போட்டியில ஜெயிச்சது ஒரு ஜெயமான்னு முதல்ல கத்துறது நீதான். அவரும் முழுசா முயற்சி பண்ணித்தான் தோத்தாரு.”

“என்ன டாரில், பேச்சு வரலையா? உனக்கா?” மேடையிலிருந்து கிளப் தலைவி மொரீன் கூப்பிட்டாள். “யாரு ஈஸ்ட், சொல்லு!”

முன்வரிசையில் என் சங்கத் தோழர்கள், கிளாஸை உயர்த்திக் காத்திருந்தார்கள். கடையில் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை போதும். கோப்பை என் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் ஸ்டானின் கோப்பையைப் பொய் சொல்லி வாங்குவதும் பின்வாசல் வழியாகப் போவதுதான்.

மறியல் வாசலில் முழங்கிய அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன்:

“அர்விட் சலோ.”