துளி சதை

டைனா ஒரு மாதமாக வீடெங்கும் ரத்தமாகக் கழிந்துகொண்டிருந்தது. நாயின் அசிங்கத்தைக் கழுவிக் கழுவிச் சலித்துப்போன எட்வின், மனைவி ஜெசிந்தாவிடம் ஒரு பொய் சொன்னான்.

"குடல்ல கேன்சராம். ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

டாக்டர் சொன்னது வேறு. கிருமித் தொற்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி, எதற்கும் குடலில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

அழுது ஓய்ந்த ஜெசிந்தா, தானே ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குட்டு உடையப்போகிறதென்று எட்வினும் பின்னாலேயே ஓடினான்.

"சதையைப் பார்த்தாச்சும்மா. கேன்சர்தான்," என்றார் டாக்டர். "மாத்திரையில கொஞ்ச மாசம் ஓட்டலாம்."

தப்பித்தோம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை எண்ணி உடனே உடம்பு கூசியது.

"வேளாவேளைக்கு மாத்திரை யாரு கொடுப்பீங்க?"

"இவர்தான் டாக்டர்," என்றாள் ஜெசிந்தா. "நீங்க ஊசி போட்டுடலாம்னு சொன்னதுல இவர்தான் ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு. அதும்மேல உசிரையே வச்சிருக்காரு."

டாக்டர் நிமிர்ந்து எட்வினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாத்திரைகளை அவனிடம் நீட்டினார். அவன் தலையைத் தூக்காமல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.